புள்ளி விழுந்த நெல் இலையும் திறக்காத படமும்

காரைக்கால், நெடுங்காடு பகுதி விவசாயி ஒருவரின் கேள்வி இது. சம்பா நெல் இலையில் புள்ளி விழுந்திருக்கிறது. பிரான்ஸிலிருந்து மகன் கொண்டுவந்து கொடுத்த ஐபோனில் படமெடுத்து, பென் டிரைவில் ஏற்றி, ஆலோசனை கேட்கப் போயிருக்கிறார். அங்கிருந்த பழைய கம்ப்யூட்டரில் படம் திறக்கவில்லை. வீட்டு டி.வி-யிலும் தெரியவில்லையாம். போன் பழுதா, பென் டிரைவ் பழுதா என்று கேட்கிறார்.

இரண்டுமே பழுதில்லை. 2017-ல் வந்த ஐ.ஓ.எஸ் 11 முதல், ஐபோன்கள் படங்களை ‘ஹெச்.இ.ஐ.சி’ என்ற வடிவத்தில் சேமிக்கின்றன. அதே தரத்துக்கு ஏறக்குறைய பாதி இடம் போதும் என்பது இதில் லாபம். ஆனால், விண்டோஸ் 7 கம்ப்யூட்டருக்கும் பழைய டி.வி-க்கும் இது புரியாது. அவற்றுக்குத் தெரிந்தது, 1992-லிருந்து புழங்கும் ‘ஜேபெக்’தான்.

போனில் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் என்று போய் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்பதைத் தொட்டுவிட்டால், இனி எடுக்கும் படங்கள் ஜேபெக்காகவே சேமிக்கப்படும். ஏற்கெனவே எடுத்ததை, போட்டோஸில் ‘காப்பி’ செய்து ‘ஃபைல்ஸ்’ செயலியில் ‘பேஸ்ட்’ செய்தால் ஜேபெக் பிரதி கிடைக்கும். பெயரின் கடைசியில் ‘ஜேபிஜி’ என்று மாற்றி எழுதினால் மட்டும் படம் மாறிவிடாது. பலர் இதைச் செய்துவிட்டுத் திண்டாடுகிறார்கள்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் திறக்கும். ஆனால், அளவு சுருங்கி நுணுக்கம் போய்விடும். நெல்லுக்கு அந்த நுணுக்கம்தான் முக்கியம். குலைநோய்ப் புள்ளி கண் வடிவில், நடுவில் சாம்பல் நிறமாக இருக்கும். செம்புள்ளி நோயில் நீள்வட்டமான பழுப்புப் புள்ளிகள் தெரியும். ஆரம்பத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். குலைநோய் என்றால் யூரியாவை நிறுத்திவைக்க வேண்டும். போட்டால் நோய் கூடும். செம்புள்ளியோ சத்துக் குறைந்த வயலில் அதிகம் வருவது. மங்கிய படத்தைப் பார்த்துச் சொல்லும் ஆலோசனை, நேர் எதிராகப் போய்விடலாம். ஆகவே, ஜேபெக் பிரதியை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புவதே சரி.

அசல் படத்தை அழிக்க வேண்டாம். எடுத்த நேரமும் இடமும் அதில் பதிந்திருக்கும். மாற்றிக் கொடுக்கும் சில செயலிகள் அதை நீக்கிவிடும். பயிர் இழப்பைக் காட்ட வேண்டிய நேரத்தில் அந்த விவரம் உதவும்.

டி.வி-யில் ஜேபெக்கும் தெரியவில்லை என்றால், படம் மிகப் பெரியதாக இருக்கலாம். 1,920-க்கு 1,080 அளவுக்குச் சுருக்கிப் பார்க்கலாம்.

பக்கத்திலேயே செருமாவிலங்கையில் பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரி இருக்கிறது. பாதித்த தூர் ஒன்றைக் காகிதக் கவரில் வைத்து நேரில் காட்டுவது, எந்தப் படத்தைவிடவும் மேல்.