பத்து வெள்ளி கற்பித்த பாடம்

தலைவர் ஒருவர் எங்கிருந்தோ வருவார், நம் குறைகளையெல்லாம் தீர்த்து வைப்பார் என்று காத்திருக்கும் பழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் வேளை வந்தால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம், நேரமில்லை என்கிறோம். பொறுப்பேற்றவரைக் குறை கூறுவதற்கு மட்டும் நேரம் எப்படியோ கிடைத்துவிடுகிறது. இந்நிலை மாற வேண்டும் என்பதே நமது கருத்து.

நம் சமுதாய வராற்றிலிருந்தே ஒரு சான்று காட்டுவோம். 1957இல் நாடு விடுதலை பெற்றதையொட்டிய ஆண்டுகளில், வெள்ளைக்கார நிறுவனங்கள் பல தங்கள் ரப்பர்த் தோட்டங்களை விற்றன. வாங்கியோர் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி மீண்டும் விற்றனர். இதனைத் தோட்டத் துண்டாடல் என்றனர். பால்வெட்டுத் தொழிலாளிக்கு வேலையோடு சேர்ந்ததே லயத்து வீடு. ஆகவே, வேலை போனபோது குடியிருந்த கூரையும் போயிற்று.

அக்காலத்தில் ம.இ.கா.வின் தலைவராகவும் அமைச்சராகவும் விளங்கியவர் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள். 1919இல் சுங்கை சிப்புட்டில் வசதியான குடும்பத்தில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அவர். தந்தையார் தேடி வைத்த ரப்பர் நிலங்களில் பெரும்பகுதியைப் பொதுப்பணிக்காக இழந்தவர் என்று மூத்தோர் இன்றும் நினைவுகூர்வர். துண்டாடலைக் கண்டித்துப் பேசியதோடு அவர் நின்றுவிடவில்லை. 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளரே தோட்டத்திற்கு உடைமையாளர் ஆகலாம் என்று தோட்டம் தோட்டமாகச் சென்று எடுத்துரைத்தார். தொழிலாளர் மாதம் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் செலுத்தினர். 1961இல் கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் தோட்டமாயிற்று.

அன்று பத்து வெள்ளி என்பது சிறு தொகையன்று. விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று, பகலெல்லாம் உழைத்து, மளிகைக் கடன் போக எஞ்சிய காசிலிருந்து எடுத்துக் கொடுத்த பணம் அது. தலைவர் தம் செல்வத்தை ஈந்தார். தொழிலாளி தம் பிள்ளைக்கு வாங்க இருந்த புதுச் சட்டையைத் தள்ளி வைத்தார். இவ்விரண்டில் எது பெரிய தியாகம்? நம்மால் தீர்ப்புக் கூற இயலவில்லை. ஆனால், ஒன்றில்லாமல் மற்றொன்று பயன் தந்திராது என்பது உறுதி.

எல்லாத் தோட்டங்களையும் அம்முயற்சியால் காக்க முடியவில்லை என்பதும் உண்மையே. நம் சிரம்பான் வட்டாரத்திலேயே ரப்பர் மரங்கள் நின்ற இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துள்ளன. துன் அவர்கள் 1979இல் மறைந்தார். ஆயினும், அவர் தொடங்கிய சங்கம் இன்றும் நிலைத்திருக்கிறது. தனி மனிதரை மட்டும் நம்பியிருந்தால் அது அவரோடு முடிந்திருக்கும். ஆயிரமாயிரம் கைகள் தாங்கியதால் நின்றது.

பெற்றோர்களே, இன்று நாம் உங்களிடம் பத்து வெள்ளி கேட்கவில்லை. மாதத்தில் ஒரு மாலைப் பொழுதைப் பள்ளிக்குத் தாருங்கள். கூட்டத்திற்கு வாருங்கள், ஒரு பொறுப்பையேனும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

மாணவச் செல்வங்களே, வாசிக்கத் தடுமாறும் தோழனுக்காக உங்கள் விளையாட்டு நேரத்தில் கால்மணியை ஒதுக்குங்கள். நாளைய தலைவருக்குரிய முதற்பயிற்சி அதுவே. அத்தகைய பிள்ளைகளை நம் வகுப்பறைகளில் நாம் நாள்தோறும் காண்கிறோம். ஆகவேதான் நம்பிக்கையோடு இருக்கிறோம்.