ரயில் சுத்தணுமா, வேலை செய்யணுமா?

மாடல் ரயில் செட் வாங்கிய வீட்டில் முதல் நாள் திருவிழாதான். ஹாலில் நீள்வட்டமாகத் தண்டவாளம் போட்டு, ரயிலை ஓடவிட்டு, தாத்தா வரை எல்லோரும் வேடிக்கை பார்ப்பார்கள். இரண்டாவது வாரம் செட் பரணுக்குப் போய்விடும். சுற்றிச் சுற்றி வரும் ரயிலை எத்தனை நாள்தான் பார்ப்பது?

நிரந்தரமாக அமைக்க நினைப்பவர்கள் முதலில் வாங்குவது எட்டுக்கு நாலு பிளைவுட். அதற்குக் காரணம் இருக்கிறது. அதிகம் விற்கும் ஹெச்.ஓ. அளவு, நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு. அதன் வழக்கமான சிறிய வளைவின் ஆரம் 18 அங்குலம். ரயில் திரும்பி வர 36 அங்குலம், ஓரத்துக்குக் கொஞ்சம் இடம். நாலடியில் அடங்கிவிடும்.

அடங்காதது மனிதனின் கை. குனிந்து எட்டினாலும் இரண்டரை அடிக்கு மேல் போகாது. பலகையைச் சுவரோடு ஒட்டிப் போட்டால், சுவர் ஓரத்தில் தடம் புரளும் பெட்டியை எடுக்க மேலே ஏறித்தான் படுக்க வேண்டும். (புரள்வதும் பெரும்பாலும் அங்கேதான்!) சுற்றி நடக்க இரண்டடி விட்டால் 12-க்கு 8 அடி போய்விடும். கட்டிலும் பீரோவும் இருக்கும் ஃபிளாட் அறையில் அது நடக்கிற காரியமா?

அங்கே கைகொடுப்பது சுவரோரப் பலகை. ஓரடி அகலம் போதும். மூலையில் மடக்கினால் 'ட' வடிவம். கீழே படிக்கும் மேஜை போடலாம். ஆனால், ரயில் சுற்றாது. குழந்தை முகம் சுளிக்கலாம். அதற்கு மருந்து, இங்கிலாந்தின் ஆலன் ரைட் வடிவமைத்த 'இங்கிள்நூக்'. மூன்றே தடங்கள்: ஒன்றில் ஐந்து வேகன்கள் நிற்கும், மற்ற இரண்டில் மூன்று மூன்று. இருப்பது எட்டு வேகன். சீட்டுக் குலுக்கி ஐந்தை எடுத்து, சீட்டு வந்த வரிசையிலேயே ரயிலாகக் கோக்க வேண்டும். முன்னே இழுத்து, பின்னே தள்ளி, ஒன்றைக் கழற்றி... 6,720 விதமான ரயில்கள் வரும். பரணுக்குப் போக வாய்ப்பே இல்லை.

சுற்றினால்தான் ரயில் என்பவர்களுக்கு 'என்' அளவு இருக்கிறது. 160-ல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 9 மில்லிமீட்டர்தான். இரண்டடி அகலப் பலகையில் முழு வட்டமே அடிக்கும், கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். என்ன, சின்னக் குழந்தைகளின் விரலுக்கு அந்தச் சக்கரங்கள் வசப்படாது. அப்பாதான் தண்டவாளத்தில் ஏற்றித் தர வேண்டும்.

போன தடத்திலேயே ரயிலைத் திருப்பி அனுப்பும் வளையம் மட்டும் ஆரம்பத்தில் வேண்டாம். அங்கே இடது தண்டவாளம் வலது தண்டவாளத்தோடு சேர்ந்து ஷார்ட் சர்க்யூட் ஆகும். அதற்கென்று தனி வயரிங் தேவை. எட்டு வடிவத்தில் இந்தத் தொல்லை இல்லை.

எந்த வடிவமானாலும், பழைய நியூஸ்பேப்பரை ஒட்டி அதே அளவில் வெட்டி, அறையில் இரண்டு நாள் விரித்து வைக்கலாம். பீரோ கதவு திறக்கிறதா, பெருக்க வழி இருக்கிறதா என்று பார்த்த பிறகு பிளைவுட் கடைக்குக் கிளம்பலாம்.