அட்டையிலே பெண் பார்க்கும் படலமா?

“படம் இல்லாத அட்டையா? யார் ஐயா வாங்குவார்கள்? பெண்ணின் முகம் பளிச்சென்று இருக்கவேண்டும். போகிறவன் நின்றுவிடவேண்டும். அதற்குப் பிறகுதான் புத்தகம்!”

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலே, தார்ப்பாய் விரித்துப் பழைய புத்தகங்களைக் குவித்து வைத்திருந்த வணிகர் சொன்ன சொல் இது. சொன்னவர்மீது எனக்குச் சினம் இல்லை. வெயிலிலே வாடி, விற்றால்தான் வீட்டிலே உலை ஏறும் என்ற நிலையிலே இருப்பவர் அவர். கண்டதைச் சொன்னார், கள்ளமின்றிச் சொன்னார். ஆனால் அவர் முன்னே கிடந்த குவியலைப் பார்த்தபோதுதான் என் நெஞ்சு கொதித்தது.

விழியை உருட்டும் வனிதையர்! இடையை வளைத்து நிற்கும் இளநங்கையர்! பின்னே ஒரு கோபுரம், மேலே ஒரு முழுநிலவு, மூலையிலே ஆசிரியரின் முகம், அம் முகத்தைச் சுற்றி ஓர் ஒளிவட்டம்! கதை வேறு, காலம் வேறு, கருத்து வேறு. அட்டை மட்டும் ஒன்றே! கைம்பெண்ணின் கண்ணீரைச் சொல்லும் கதைக்கும் அதே மங்கை. கள்வனைத் துரத்தும் கதைக்கும் அதே மங்கை. புடவையின் நிறம் மட்டும் மாறுகிறது.

என்னுடன் வந்திருந்தவர் தாம்பரத்திலே சிறியதோர் அச்சகம் நடத்தும் இளைஞர். மறைமலையடிகள் இயற்றி, 1921-ஆம் ஆண்டிலே வெளிவந்த ‘கோகிலாம்பாள் கடிதங்கள்’ என்னும் புதினத்தை மீண்டும் அச்சிட முனைந்திருக்கிறார். நல்ல எண்ணம். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்தபின் அவர் நூலை எவரும் அச்சிடலாம் என்கிறது சட்டம்; அடிகள் மறைந்தது 1950-இல். ஆகவே, எவரிடமும் இசைவு கேட்டு நிற்கவேண்டிய தேவை இல்லை. ஆனால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்ற உரிமையோடு, எப்படி வேண்டுமானாலும் அச்சிடலாம் என்ற உரிமையும் வந்துவிட்டதா? அங்கேதான் வழக்கு!

“ஒரு பெண், கையிலே எழுதுகோல், கன்னத்திலே கண்ணீர் – அட்டைக்கு இது போதும்” என்கிறார்களாம் அவருடைய நண்பர்கள். “காவி உடையிலே அடிகளாரின் படம் போடு” என்கிறார்களாம் பெரியவர்கள். “எதுவுமே வேண்டா, எழுத்து மட்டும் போதும்” என்கிறேன் நான். ஏன் என்று சொல்லவே இக்கட்டுரை.

முதலில் அடிகளாரை நினைவு கூர்வோம். அவர் இந்தப் பக்கத்துக்காரர். 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலே தமிழ் கற்பித்தவர். அந்நாளிலே நகரின் நடுவே இருந்த அக்கல்லூரி, 1937-இலே தாம்பரத்துக்கு வந்தது. அதற்கு 26 ஆண்டுகளுக்கு முன்னரே, 1911-இல், அடிகள் பல்லாவரத்துக்குக் குடிவந்துவிட்டார். 1916-இலே தனித்தமிழ் முழக்கம் செய்தார். வேதாசலம் என்ற பெயரைக் களைந்து மறைமலை ஆனார். இன்று மின்தொடரிலே பல்லாவரம் கடந்து, தாம்பரம் கடந்து, தெற்கே சென்றால் மறைமலைநகர் என்றே ஒரு நிலையம் இருக்கிறது. கடவுள் கொள்கையிலே அவருக்கும் நமக்கும் பூசல் உண்டு, மறைக்கவில்லை. ஆயினும் இந்தி தமிழகத்துள் நுழைந்த நாளிலே அவர் எப்பக்கம் நின்றார் என்பதை நாடு அறியும்.

அத்தகையவர் எழுதிய புதினம், மடல்களின் வடிவிலே அமைந்தது. இதிலே உள்ள அருமையை எண்ணிப் பாருங்கள். வேறு நாவல்களிலே ஆசிரியர் வந்து, “அவள் கண் கயல், அவள் இடை கொடி” என்று அளந்து காட்டுவார். மடலிலே அதற்கு இடமேது? மடல் எழுதுபவள் தன்னைத் தானே பேசுகிறாள். நாம் அவளைக் காண்பதில்லை, கேட்கிறோம். ஒரு நூற்றாண்டுக்கு முன்னே, பெண்ணுக்கு வாய் இருக்கிறது என்பதையே ஏற்காத ஊரிலே, ஒரு பெண்ணின் பெயரையே தலைப்பாக்கி, அவள் எழுதிய கடிதங்கள் என்று நூல் வந்தது. பேசுபவள் அவள், பார்க்கப்படும் பொருள் அல்லள்!

அந்த நூலின் அட்டையிலே அவள் முகத்தை வரைவது என்ன செயல்? பெண் பார்க்கும் படலம்தான்! கூடத்திலே ஜமக்காளம் விரித்து, “பெண்ணை வரச் சொல்லுங்கள், பார்க்கலாம்” என்கிறார்களே, அதே படலம். அவள் என்ன கற்றாள், என்ன நினைத்தாள், என்ன வேண்டுகிறாள் என்று எவரும் கேட்பதில்லை. நிறம் என்ன, மூக்கு எப்படி – இதுதான் முதற் கேள்வி. அந்த இழிவை வீட்டிலே ஒழிக்கப் பாடுபடும் நாம், புத்தகத்தின் வாயிலிலே அதை நடத்தலாமா? முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லைக் கேட்பேன் என்னும் வாசகனை நாமே உருவாக்கலாமா?

“அப்படியானால் ஓவியம் வேண்டாமா? ‘பொன்னியின் செல்வ’னுக்கு மணியம் வரைந்த படங்களை மக்கள் போற்றவில்லையா?” என்று கேட்பீர்கள். போற்றினார்கள், போற்றத்தக்கவையே. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழிலே அக்கதை வாரந்தோறும் வந்தபோது, எழுத்தும் ஓவியமும் தோழமை பூண்டு நடந்தன. படிப்பவன் ஒரு கட்டம் படித்தான், ஒரு படம் பார்த்தான். அது உடன் வரும் துணை. அட்டைப்படமோ அப்படியன்று. ஒரு சொல்லும் படிக்காத முன்னமே, “இவள்தான் அவள், இப்படித்தான் அவள்” என்று தீர்ப்பு எழுதிவிடுகிறது. துணைக்கும் தீர்ப்புக்கும் வேறுபாடு இல்லையா?

சரி, அடிகளாரின் திருவுருவம்? அதுவும் வேண்டா. இங்கே நம் வீட்டுக் குற்றத்தையும் சொல்லியாகவேண்டும். நம்மவர் பதிப்பிக்கும் நூல்களைப் பாருங்கள். நாடகமா, நாவலா, சொற்பொழிவா – எதுவாயினும் அட்டையிலே தலைவரின் முகம்! உருவ வழிபாட்டை ஒழிக்கப் புறப்பட்டவர்கள், உள்ளே இருக்கும் கருத்தை மறைக்கும் அளவுக்கு முகத்தைப் பெரிதாக்குவதா? முகம் கும்பிடச் சொல்லும். எழுத்து சிந்திக்கச் சொல்லும். எது நம் வழி? அடிகளாரின் தாடியையும் காவியையும் கண்டவன், உள்ளே தோத்திரப் பாடல் இருக்குமென்று எண்ணி வைத்துவிட்டுப் போவான். காதலும் கண்ணீரும் மடலாகி அவனுக்காகக் காத்திருப்பதை அறியமாட்டான்.

“வெறும் எழுத்தா? வறண்டு கிடக்காதா?” என்கிறார் இளைஞர். தம்பி, எழுத்து வறண்டதா? தலைப்பை எழுதிப் பார். கோகிலாம்பாள் – எண்ணினால் 6 எழுத்து. கடிதங்கள் – அதுவும் 6 எழுத்து. ஒன்றின் கீழ் ஒன்றாக வை. மேலே கொம்பும் காலுமாகப் பத்து வடிவங்கள் நீண்டு செல்லும். கீழே ஆறே வடிவங்கள் அடங்கி நிற்கும். அந்த நீளக் குறைவிலே ஒரு வெற்றிடம் பிறக்கிறதே, அது எந்த ஓவியனும் தரமுடியாத அழகு!

இன்னும் பார். முதலெழுத்து ‘கோ’. ஓலைச்சுவடியிலே ‘கொ’வும் ‘கோ’வும் ஒன்றுபோலவே நின்று படிப்பவனை மயக்கின. இரண்டையும் பிரித்துக் காட்ட இரட்டைக் கொம்பு தந்தவர் வீரமாமுனிவர் என்பார்கள். இரண்டு சொற்களிலும் சேர்ந்து நான்கு புள்ளிகள். ஓலையிலே குத்தினால் கிழியும் என்று எழுதாமல் விட்ட புள்ளி, அச்சு வந்தபின் தன் இடத்துக்குத் திரும்பியது. கீழே ஆசிரியர் பெயர்: மறைமலையடிகள். நடுவிலே ‘லை’! பழைய அச்சிலே அந்த ‘லை’ துதிக்கையைத் தலைமேல் தூக்கி நின்றது. 1935-இலே பெரியார் ‘குடி அரசு’ ஏட்டிலே அத்துதிக்கையை வெட்டினார். ணா, றா, னா முதலாக 13 எழுத்துகளை 1978-இலே தமிழ்நாடு அரசு ஆணையிட்டுத் திருத்தியது. இடையிலே 43 ஆண்டுகள்! “தமிழின் அழகு போயிற்றே, துதிக்கை போயிற்றே” என்று அழுதவர்கள் எத்தனை பேர்! இன்று எந்தக் குழந்தையாவது துதிக்கையைத் தேடுகிறதா?

தேவையற்றதைக் களைந்தால் தேவையானது துலங்கும் – இது நாம் எழுத்திலே கண்ட உண்மை. அட்டையிலே அதை ஏன் மறந்தோம்?

“மேனாட்டான் செய்வதைக் காப்பியடிக்கிறீர்” என்பாரும் உண்டு. மேனாட்டிலும் நல்லது நடந்தால் அறிவதிலே குற்றமென்ன? பிரான்சு நாட்டிலே கலிமார் பதிப்பகம், அடிகள் பல்லாவரத்துக்கு வந்த அதே 1911 முதல், வெளிர்மஞ்சள் அட்டை, கறுப்புக் கோடு ஒன்று, செங்கோடு இரண்டு – இவ்வளவோடு இலக்கியத்தை வெளியிட்டு வருகிறது. 1942-இலே அங்கே வெளிவந்த கமுயின் நாவல், ‘அந்நியன்’ என்று தமிழாகி, 1980-இலே ‘க்ரியா’ வாயிலாக வந்தது. பின்னாளிலே நம் தென்சென்னைத் திருவான்மியூரிலே இயங்கிய அப்பதிப்பகம், அட்டையிலும் அச்சிலும் அடக்கமே அழகு என்று காட்டிய ஒன்று. அதன் நிறுவனர் எஸ். ராமகிருஷ்ணன் 2020-இலே மறைந்தார்.

இங்கிலாந்தைப் பாருங்கள். 1935-இலே ஆலன் லேன் பெங்குவின் நூல்களை வெளியிட்டார். புகைவண்டி நிலையத்திலே படிக்கத் தக்க நூல் ஒன்றும் கிடைக்காத எரிச்சலிலே பிறந்த எண்ணம் அது என்பார்கள். விலை ஆறே பென்சு. ஒரு சிகரெட்டுப் பெட்டியின் விலை! அட்டையிலே மூன்று பட்டைகள். நாவலென்றால் ஆரஞ்சு, துப்பறியும் கதையென்றால் பச்சை. வடிவமைத்த எட்வர்டு யங்குக்கு வயது 21. மங்கை இல்லை, மதி இல்லை. வாங்கவில்லையா மக்கள்? அள்ளிச் சென்றனர்! சந்தை நண்பரே, உம் கேள்விக்கு விடை இதோ: படம் இல்லாத அட்டையை மக்கள் வாங்குவார்கள், விலை அவர்கள் கைக்கு எட்டினால்!

விலை என்றேன். இதுதான் வேர். வண்ணப்படம் அச்சிட நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு தகடுகள் வேண்டும்; அதன்மேல் பளபளக்கும் பிளாஸ்டிக் தோல் வேண்டும். எழுத்து மட்டுமென்றால் ஒரு தகடு போதும், மிகுந்தால் இரண்டு. அந்தச் சேமிப்பு யாருக்குப் போகவேண்டும்? படிப்பவனுக்கு! ஆனால் இன்று நடப்பதென்ன? எளிமையையே ஆடம்பரமாக்கிவிட்டார்கள். ‘மினிமலிசம்’ என்று பெயர் சூட்டி, கெட்டி அட்டை கட்டி, வெற்றிடத்துக்கு விலை வைத்து, மாடி வீட்டு அலமாரிக்கு அனுப்புகிறார்கள். ஏழைக்கோ மலிவுப் பதிப்பு. அதிலே மங்கையும் நிலவும்! செல்வனுக்கு அமைதி, ஏழைக்கு இரைச்சல் – இது என்ன வருணாசிரமம்? சிந்திக்கும் வாசகன் மாடியிலே மட்டும் இருக்கிறான் என்று எவன் சொன்னான்? ஈரோட்டிலிருந்து அணாக் கணக்கிலே வந்த குறுநூல்களைத் தெருவிளக்கிலே படித்தவன் யார்? தறிக்குழியிலே இருந்தவனும் தேநீர்க் கடையிலே உழைத்தவனும் அல்லவா?

ஆகவே தம்பி, இப்படிச் செய். பளபளப்பற்ற வெளிர்நிற அட்டை எடு. கறுப்பு மையிலே தலைப்பை இரு வரியாக இடு. அந்த நான்கு புள்ளிகளை மட்டும் சிவப்பிலே அச்சிடு. கறுப்பும் சிவப்பும் என்றவுடன் கட்சிக்கொடி என்று நகைப்பார்கள், நகைக்கட்டும். அச்சுக்கலையின் தொடக்கக் காலத்திலிருந்தே அச்சகத்தான் கையிலே இருந்த மைகள் இவ்விரண்டும். கீழே ஆசிரியர் பெயர், சிறிதாக. முதுகிலே மறவாமல் தலைப்பை எழுது. நூலகத்து அடுக்கிலே அதுதான் முகம். பின்னட்டையிலே 1921 என்ற ஆண்டு, நூலைப் பற்றி நான்கு வரி, விலை. விலையைப் பெரிதாகவே போடு. குறைந்த விலைக்கு வெட்கம் எதற்கு?

வேலைப்பாடு குறைந்ததென்று எண்ணாதே. படம் இருந்தால் பிழையை மறைக்கலாம். வெற்றிடத்திலே ஒரு நூலிழை விலகினாலும் தெரியும். எழுத்தின் பருமன், வரிகளின் இடைவெளி, ஓரத்தின் அளவு – மூன்றையும் பத்து முறை மாற்றிப் பார். எழுத்து கோணினால் பிழை உன்னுடையது. விற்பனை குறைந்தால் வசை என்னுடையது. அதையும் ஏற்கிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தத் தார்ப்பாயின்மேல் மங்கையர் கூட்டத்தின் நடுவே அந்நூலும் கிடக்கட்டும். பளபளக்கும் முகங்களுக்கு இடையிலே, முகம் காட்டாத ஒன்று அமைதியாகக் கிடக்கும். “இது என்ன?” என்று எவளேனும் ஒரு மாணவி குனிந்து எடுப்பாள். எடுத்தவள் அட்டையைப் பார்த்து மயங்கமாட்டாள். திறந்து முதல் மடலைப் படிப்பாள். கோகிலாம்பாள் பேசத் தொடங்குவாள்.

நூற்றாண்டுக்கு முன்னே எழுதிய மடல் அது. பிரிக்குமுன் உறையின்மேல் அவள் முகத்தை ஒட்டாதே, தம்பி. அவளைப் பேசவிடு!