அந்த ஓராண்டு எங்கே போனது?

நேர்முகத் தேர்வுக்குத் தயாராவது என்றால் நம்மில் பலருக்கு ஆங்கிலப் பதில்களை மனப்பாடம் செய்வதுதான். "உங்கள் பலவீனம் என்ன?" என்று கேட்டால் "அளவுக்கு மீறி உழைப்பேன்" என்று சொல்லவேண்டுமாம். பட்டறைகளில் அப்படித்தான் கற்றுத் தருகிறார்கள். நானும் கற்றேன். கேட்பவர் ஒரே நாளில் எத்தனை பேரிடம் இதே பதிலைக் கேட்டுச் சலித்திருப்பார் என்று அப்போது தோன்றவில்லை.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்தவன். யு.பி.எஸ்.ஆர். தேர்வில் மலாய்மொழியில் போதிய தேர்ச்சி பெறாததால், தேசிய இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவத்துக்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார்ந்தேன். எஸ்.பி.எம். தேர்வை மற்றவர்கள் 17 வயதில் எழுத, எனக்கு 18 ஆனது. இம்மலரின் வாசகர்களில் எத்தனையோ பேர் அந்த வகுப்பைக் கடந்து வந்தவர்கள்தாம். இருந்தும் நாம் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

முதல் நேர்முகத் தேர்வு கோலாலம்பூரில் நடந்தது. ஆண்டுக்கணக்கைப் பார்த்த அதிகாரி, "ஓராண்டு கூடுதலாக இருக்கிறதே?" என்றார். "உடல்நலம் சரியில்லை" என்று பொய் சொன்னேன். என்ன நோய் என்று அந்த அம்மையார் உண்மையான அக்கறையோடு கேட்டார். அவ்வளவுதான், மனப்பாடம் செய்த ஆங்கிலம் எல்லாம் பறந்துவிட்டது. வேலை கிடைக்கவில்லை. கிடைக்காதது நியாயமே.

நம்மை வீழ்த்துவது ஆங்கிலம் மட்டும் அல்ல என்பது என் கருத்து. எதையோ மறைத்துக்கொண்டு உள்ளே போகிறோம். அதைக் காப்பதிலேயே பாதிக் கவனம் போய்விடுகிறது. மீதிக் கவனத்தில் எந்த மொழிதான் சரளமாக வரும்?

அடுத்த அழைப்பு சிங்கப்பூரிலிருந்து வந்தது. விடியற்காலையில் பாலத்தைக் கடந்து, உட்லண்ட்ஸில் எம்.ஆர்.டி. ஏறி, ராஃபிள்ஸ் பிளேசில் மாறித் தஞ்சோங் பகாரில் இறங்கியபோது ஒரு மணி நேரம் மிச்சம் இருந்தது. தலைக்குமேல் 290 மீட்டர் உயரத்துக்கு நின்ற குவோக்கோ கோபுரத்தைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கியது. சும்மா நடந்தேன். கடையநல்லூரிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 1946-இல் உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளியைத் தொடங்கியது இந்த வட்டாரத்தில்தான். பின்னர் அது உயர்நிலைப்பள்ளியாக வளர்ந்து, 1982-இல் மூடப்பட்டது. சிங்கப்பூரின் கடைசித் தமிழ்ப்பள்ளி அது. அங்குப் படித்தவர்களும் இதே ஊரில் ஆங்கிலம் பேசுவோர் முன் அமர்ந்து வேலை கேட்டிருப்பார்கள் அல்லவா? அவர்கள் பள்ளியின் பெயரை எங்கே மறைத்திருக்க முடியும்? சான்றிதழிலேயே இருந்திருக்குமே! எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் வெட்கமும்.

உள்ளே அதே கேள்வி வந்தது. "தமிழ்ப்பள்ளியில் படித்தேன். வீட்டில் மலாய் பேசியதில்லை. அதைக் கற்க ஓராண்டு ஆனது. பிறகு எஸ்.பி.எம். தேர்வில் மலாய்மொழிக்கு ஏ பெற்றேன்" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். கேட்டவர் தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். இத்தனை நாள் நான் பயந்தது இதற்கா? பிறகு ஒரு கேள்வி புரியாதபோது மீண்டும் சொல்லச் சொன்னேன். இன்னொன்றுக்கு "இது தெரியாது, ஆனால் இப்படித் தேடிப் பார்ப்பேன்" என்றேன். வானம் இடிந்து விழவில்லை.

அக்கரையில் வேலை தேடும் தம்பி தங்கைகளுக்கு ஒரு செய்தி. சிங்கப்பூரில் 2023 செப்டம்பர் முதல் எம்பிளாய்மெண்ட் பாஸ் கேட்டு வரும் புதிய விண்ணப்பங்களைக் 'காம்பஸ்' என்னும் புள்ளி முறையில் எடைபோடுகிறார்கள். பொதுவாக 40 புள்ளிகள் தேவை. சம்பளமும் கல்வித் தகுதியும் மட்டுமின்றி, அந்த நிறுவனத்தில் எந்நாட்டவர் எவ்வளவு பேர், உள்ளூர்வாசிகள் எவ்வளவு பேர் என்பதும் கணக்கில் சேரும். பின்னவை இரண்டும் நம் கையில் இல்லை. எனவே மறுப்புக் கடிதம் வந்ததும், "என் ஆங்கிலம்தான் காரணம்" என்று போர்த்திப் படுத்துவிடாதீர்கள்.

இதை எழுதும்வரை எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த வாரம் ஜொகூர் பாருவில் இன்னொரு நேர்முகத் தேர்வு. தன்விவரக் குறிப்பில் ஆரம்பப்பள்ளியை எழுதத் தேவையில்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அது சரிதான். ஆனால் நான் அதை விட்டது அதற்காக அல்ல. இம்முறை எழுதியிருக்கிறேன்.