ஆராய்ச்சியும் வகுப்பறையும்

பாடசாலைகள் கல்வி ஆராய்ச்சியின் முடிவுகளைக் கைக்கொள்ளுகின்றனவா என்று அளந்தறியும் ஆவல் இந்நாளில் பல தேசங்களிலும் மிக்குள்ளது. ஆவல் நன்றே, அளவுகோலைப்பற்றியே எமக்கு ஐயம். 'ஆராய்ச்சியைப் பின்பற்றுகின்றீரோ?' என்று மேலதிகாரி வினவுங்கால், 'இல்லை' என்று விடையிறுக்கும் உபாத்தியாயர் யாவர்?

அமெரிக்க அறிஞராகிய காரல் வைஸ் அம்மையார், ஆராய்ச்சியைப் பயன்படுத்தல் என்னும் ஒரு சொல்லுள் பல பொருள்கள் மறைந்து கிடத்தலை 1979ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினார். ஆராய்ச்சியைக் கொண்டு ஒரு முடிவு செய்தலும் பயனே; அதனால் நம் எண்ணம் நாளடைவில் மாறுதலும் பயனே; முன்னரே செய்துவிட்ட முடிவுக்கு அதனைச் சாட்சியாக அழைத்தலும் பயன் என்றே பெயர் பெறுகின்றது. வினாத்தாளிலோ மூன்றும் 'ஆம்' என்னும் ஒரே விடையாய் வந்து விழும்.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. எழுத்துக்களின் ஒலியை முறையாகக் கற்பித்தல் வாசிப்புக்கு உதவும் என்று 2000ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் அறிஞர் குழுவொன்று அறிக்கை வெளியிட்டது. அதன்பின்னும் பல்லாண்டுகள் அந்நாட்டுப் பாடசாலைகள் பலவற்றில், படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகிக்கவே குழந்தைகள் பழக்கப்பட்டனர். அம்முறைக்கும் ஆராய்ச்சியின் பெயரே துணை! படமில்லாத பக்கத்தை எட்டிய குழந்தை யாது செய்யும்?

இங்கிலாந்தில் செய்யப்பெற்ற சோதனையொன்று இதனினும் மேலான வழியிற் சென்றது. பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஆரம்பப் பாடசாலைகளை அதிற் சேர்த்து, சிலவற்றுக்கு ஆராய்ச்சிச் சுருக்கங்கள் முதலிய உதவிகளை அளித்து, சிலவற்றுக்கு ஒன்றும் அளியாது விடுத்து, மாணாக்கரின் பரீட்சை எண்களை ஒப்பு நோக்கினர். வேறுபாடு காணப்படவில்லை. நூல் அனுப்பியதனால் உபாத்தியாயரின் வழக்கமும் மாறிற்றில்லை. பெரும்பொருள் செலவிட்ட அம்முயற்சியின் வெறுங்கையை மறையாது 2017இல் வெளியிட்டமையை யாம் மெச்சுகின்றோம்.

ஆதலின், 'எத்தனை நூல் படித்தீர்?' என்பதனை விடுத்து, 'படித்தபின் இவ்வாண்டு எதனைக் கைவிட்டீர்? ஏன்?' என்று வினவுதலே தக்கது. இருபது பிள்ளைகள் உள்ள வகுப்பிற் கண்ட முடிவு, அறுபது பேர் நெருங்கியிருக்கும் தம் வகுப்புக்குப் பொருந்தாதென்று காரணங்காட்டி மறுக்கும் ஆசிரியரையும் ஆராய்ச்சியைப் பயன்படுத்தியவராகவே எண்ணல் வேண்டும். இன்றைய வினாத்தாள்கள் அவரை எப்பக்கத்திற் சேர்க்குமோ அறியோம். விடைக்குத் தக்கவாறு மானியமோ பதவி உயர்வோ அளித்தலும் கூடாது. அளித்தால் சாட்சிக்கு அழைக்கும் வழக்கமே பெருகும்.

இன்னும் ஒன்று. காலை முதல் மாலைவரை ஓய்வின்றிக் கற்பித்து, வீட்டிலும் கட்டுரைக் கட்டுக்களைத் திருத்தும் ஒருவர் எப்பொழுது ஆராய்ச்சி நூலைப் புரட்டுவார்? அளவெடுப்போர் முதலிற் பாடசாலை நிர்வாகிகளிடம் சென்று, ஆசிரியர் படித்தற்கென்று வாரத்தில் எத்தனை மணி ஒதுக்கியுள்ளீர் என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.