பூனைக்கும் வைத்தியம் வேண்டும்

மாமல்லபுரத்து அருச்சுனன் தபசுப் பாறையில், எலிகள் சூழ நின்று தவம் புரியும் பூனையைப் பொய்த்தவசி என்று நகைக்கிறோம். நம் இல்லத்துப் பூனையின் ஊழியமோ பொய்யன்று. கஞ்சி தோய்த்த பாவையும் குதிர் நெல்லையும் எலிகளிடமிருந்து காப்பது அதுவே.

அப்பூனை கடும் நோயுற்று, வைத்தியச் செலவுக்கு அங்கத்தினர் ஒருவர் உதவி கோரினால், "பூனைக்கா பணம்?" என எள்ளுதல் முறையன்று. ஆயினும் அதற்காகச் சங்கத்தின் கடன் நிதியைத் தொடலாகாது. மனமுவந்தோர் தனியே நன்கொடை திரட்டலாம். அருகிலுள்ள அரசாங்கக் கால்நடை மருந்தகத்திலோ, சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலோ முதலில் காட்டி, ஆகும் செலவைக் கேட்டறிதல் வேண்டும். திரட்டிய தொகையை மருத்துவமனையிலேயே செலுத்தி, ரசீதை யாவரும் காண வைத்தல் நன்று. எஞ்சியது அடுத்த பிராணிக்கு ஆகட்டும். பிழைப்பதரிது என மருத்துவர் கூறின், வேதனையை நீட்டிக்கக் கடன்படுதல் வேண்டா.

வாந்தியும் கழிச்சலும் கண்டு குட்டிகளை மாய்க்கும் பான்லுகோபீனியா நோய்க்கும், வெறிநோய்க்கும் தடுப்பூசிகள் உள்ளன. குட்டிப் பருவத்திலேயே அவற்றை இட்டுவிட்டால் பின்னர்ப் பிறர் உதவியை நாடும் நிலை குறையும். சிறுதுளி பெருவெள்ளம் என்பது கூட்டுறவின் மூலமந்திரம். வாயில்லா ஜீவனுக்கும் அது பொருந்தும் என்பதே நம் கருத்து.