விளையாட்டு மாவில் முட்டை வேண்டாம்

கேள்வி: குழந்தைகள் பொம்மை செய்து விளையாடும் மைதா மாவில் முட்டை சேர்க்கலாமா? சந்தையில் நல்ல முட்டையைப் பார்த்து வாங்குவது எப்படி?
- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: முட்டை சேர்க்கக் கூடாது. பச்சை முட்டையில் மட்டுமல்ல, வேகாத மாவிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். மாவு பிசைந்த கை வாய்க்குப் போனால் காய்ச்சல், வயிற்றுப்போக்கு வரலாம்.

1 டம்ளர் மைதா, அரை டம்ளர் தூள் உப்பு, 1 டம்ளர் தண்ணீர், 1 மேசைக்கரண்டி எண்ணெய், 2 தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைக் கரைத்து, சட்டியில் ஒட்டாமல் உருண்டு வரும்வரை சிறு தீயில் கிளறவும். ஆறியதும் பிசைந்து, மூடியுள்ள டப்பாவில் வைக்கவும். உப்பு மிகுந்த மாவு என்பதால் குழந்தைகள் தின்னாமலும், நாய்க்கு எட்டாமலும் பார்த்துக்கொள்ளவும்.

முட்டை வாங்கும்போது விரிசல், எச்சம் இல்லாததாக எடுக்கவும். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. சத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. தண்ணீரில் மிதந்தால் பழைய முட்டை. ஆனால், மூழ்கும் புது முட்டையிலும் கிருமி இருக்கலாம். நாட்டுக்கோழி முட்டையும் விலக்கல்ல.

வயதுக்கு வந்த பெண்ணுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கும் வீடுகளில், முட்டையை அவித்தே கொடுக்கவும். அவித்த முட்டையின் புரதம்தான் உடலில் நன்றாகச் சேரும்.